நொண்டாத ஆடுகள்

“அம்மணி, என்ற பட்டியில நாலு ஆடு நொண்டுது. ஐப்பசி மழை புடிச்சதுல இருந்து இப்படித்தான். எந்த மருந்துக்கும் கேக்க மாட்டேங்குது.”

ஓடையின் இக்கரையில் நின்று கேட்டார் செங்கோடன். அக்கரையில், தன் மேய்ச்சல் காட்டின் மூங்கில் படலைப் பிடித்தபடி நின்றாள், சிறு வயதிலிருந்தே ஆடு வளர்க்கும் மயிலாத்தாள்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு செம்மறிகளைப் பார்த்தாள்.

“கூடவே ஓட்டிட்டு வந்துட்டீங்களா?”

“நீ பாக்க வேண்டாமா?”

“ஓடையத் தாண்ட வேண்டாங்க. அப்படியே திருப்பி ஓட்டிட்டுப் போயிருங்க.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது அவருக்கு.

முப்பத்து மூன்று வருஷம் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். அவர் குரல் கேட்டால் மெஷின் சத்தமே கொஞ்சம் அடங்கும் என்று ஆட்கள் சொல்வார்கள். ஓய்வு பெற்று வந்ததும் முப்பத்தேழு பெட்டை ஆடுகள் வாங்கிவிட்டார். அறுபத்திரண்டு வயதில், தன்னைவிட இருபத்தைந்து வயது இளைய ஒருத்தியிடம் கைகட்டி நிற்க வந்ததே பெரிய காரியம். அவள் ஓடையைக்கூடத் தாண்டவிடவில்லை.

“நாளைக்கு நானே வரேனுங்க மேஸ்திரி,” என்றாள் மயிலாத்தாள். “இந்த நோவு ஒரு மந்தையில இருந்து இன்னொரு மந்தைக்கு நடந்தே போயிருமுங்க.”

அவர் திரும்பி நடந்தார். ஆடுகளும் நடந்தன. ஒன்று நொண்டிக்கொண்டே.

*

மறுநாள் காலையில் வந்தாள். கையில் ஒரு பை. அதில் மருந்து இருக்கும் என்று நினைத்தார். நிலக்கடலை இருந்தது.

“வா அம்மணி, உள்ள போய் ஒவ்வொண்ணாக் காட்டறேன்.”

“உள்ள வேண்டாங்க.”

வேலியோரம் கிளுவைச் செடி அடர்ந்து மறைத்த இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவரும் உட்கார வேண்டியதாயிற்று. அவள் கடலையை உடைத்தாள். தின்றாள். அவருக்கும் கொஞ்சம் கொடுத்தாள்.

ஒரு மணி நேரம் போயிற்று.

“எப்பப் பாக்கறது?” என்றார்.

“பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்.”

இன்னும் அரை மணி நேரம்.

பையை உதறிவிட்டு எழுந்தாள். “பதினொண்ணுங்க,” என்றாள்.

“என்ன பதினொண்ணு?”

“நொண்டறது.”

செங்கோடனுக்குக் கோபம் வந்துவிட்டது. “தெனமும் காலையில தடியெடுத்துட்டு உள்ள போறேன். எல்லாத்தையும் எழுப்பி, என்ற கண்ணு முன்னால நடக்க வெச்சுப் பாக்கறேன். நாலுதான். பதினொண்ணுக்கு எங்க போறது?”

மயிலாத்தாள் விரலை நீட்டினாள்.

“அந்தா, முட்டி போட்டுட்டு மேயுதே. அதுக்கு முன்னங்கால் ரெண்டும் நோவு.”

அவர் பார்த்தார். அது சோம்பேறி என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார்.

“அந்தச் செவலையோட காலப் பாக்காதீங்க. தலையப் பாருங்க.”

செவலை நடந்தது. ஒவ்வொரு முறை இடது முன்னங்காலை ஊன்றும்போதும் தலையைச் சட்டென்று மேலே தூக்கிற்று. ஊன்றும். தூக்கும். ஊன்றும். தூக்கும்.

“வேப்ப மரத்தடியில படுத்திருக்குதுங்களே, மத்ததெல்லாம் எந்திரிச்சு எவ்வளவு நேரமாச்சு?”

அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பதினொன்றும் சரியாக இருந்தது.

“எனக்கு ஏன் அம்மணி இதெல்லாம் தெரியாமப் போச்சு?”

அவள் கடலைத் தோலைக் காலால் தள்ளி ஒதுக்கினாள்.

*

அன்று மத்தியானம் வரைக்கும் குளம்பு பார்த்தார்கள்.

ஆட்டை மல்லாத்தி, பிட்டத்தில் உட்கார வைத்து, அதன் முதுகைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டாள். அது திமிறாமல் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. சேற்றைக் கழுவினாள். குளம்பின் பிளவை விரித்தாள்.

“மோந்து பாருங்க.”

“என்னது?”

“மோந்து பாருங்கன்னேன்.”

குனிந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

“இந்த நாத்தம் இருந்தா அழுகல். நாத்தமில்லாமக் குளம்பு சுட்டா உள்ள சீழ் புடிச்சிருக்குது. ரெண்டுமில்லீன்னா முள்ளத் தேடுங்க.”

பதினொன்றில் எட்டு அழுகல். இரண்டுக்கு முள். முட்டி போட்டு மேய்ந்த ஆட்டுக்கு முன்குளம்பு இரண்டும் வளர்ந்து சுருண்டு, உள்ளே சேறு அடைத்துக் கல்லாகியிருந்தது. சுருண்டதைக் கத்தியால் சீவி, சேற்றைச் சுரண்டி எடுத்ததும், அந்த ஆடு எழுந்து நின்று ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு நின்றபடியே மேய்ந்தது.

செங்கோடன் குழந்தையைப் போலச் சிரித்தார்.

“நாலு காலும் ஒண்ணா நோவெடுத்து, வாயில எச்சில் ஒழுகுச்சுன்னா எங்கிட்ட வராதீங்க. நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க,” என்றாள் மயிலாத்தாள். “இதுக்கும் அவரக் கூப்பிட்டு ஊசி போட்டுக்குங்க. துத்தநாகப் பொடி குடுப்பாரு. தண்ணியில கலக்கி, அதுல நிக்க வெச்சு, அப்புறம் காஞ்ச தரையில விடுங்க. முக்கியமா ஒண்ணு. பட்டிய மாத்துங்க.”

“பட்டிக்கு என்ன?”

அவள் குதிகாலால் தரையை அழுத்தினாள். பள்ளத்தில் தண்ணீர் ஊறி வந்தது.

“இது மேல நீங்க ஒரு ராத்திரி வெறுங்கால்ல நின்னு பாருங்க.”

அன்று சாயங்காலமே மேட்டில் தண்ணீர் நிற்காத சுக்காங்கல் தரையில் புதுப் பட்டி போட்டார் செங்கோடன். நோவுள்ளதைத் தனியே அடைத்தார். டாக்டரும் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார்.

ஆனால் அவருக்குப் பொறுமை இல்லை.

*

தை மாதம் குட்டி போட வேண்டிய ஆடுகள். நொண்டுகிற ஆடு மேயாது. மேயாத ஆட்டுக்கு மடியில் பால் இறங்காது. ஒரு வியாபாரி வேறு இரண்டு முறை வந்து, மந்தையை மொத்தமாகக் கறிக்கு ஓட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

மூன்றாம் நாள் காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு தனியாகவே உட்கார்ந்துவிட்டார். அழுகலை அடியோடு வெட்டி எடுத்துவிட்டால் முடிந்தது என்பது அவர் கணக்கு.

கருந்தலைச்சி என்று ஓர் ஆடு. வெள்ளை உடம்பு, தலை மட்டும் கறுப்பு. வயிறு பானை மாதிரி இருந்தது. அதன் முன்னங்குளம்பைச் சீவினார். கொஞ்சம் அழுகல் தெரிந்தது. இன்னும் சீவினார். இன்னும் தெரிந்தது. இன்னும் ஒரு வெட்டு.

குபுக்கென்று ரத்தம் வந்தது.

ஆடு கத்தவில்லை. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் மட்டும் ஓடிற்று. கீழே விட்டதும் மூன்று காலில் நின்றது. நாலாவது காலைத் தரையில் வைக்கவே இல்லை.

செங்கோடன் மயிலாத்தாளைக் கூட்டிவர ஆள் அனுப்பவில்லை. தானே ஓடினார்.

“நீ செஞ்ச மாதிரித்தான் அம்மணி நானும் செஞ்சேன்.”

அவள் வந்து பார்த்தாள். கழுவினாள். அயோடின் தண்ணி விட்டுத் துணி சுற்றினாள். கத்தியை வாங்கித் தன் மடியில் செருகிக்கொண்டாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்திருக்கும்.

“தொங்கறதத்தானுங்க எடுக்கோணும். ஒட்டியிருக்கறது அதோட காலு.”

“இப்ப என்ன பண்றது?”

“இவ மேயப் போக மாட்டா. மேய்ச்சல இவகிட்டக் கொண்டாங்க. தழை ஒடிச்சுப் போடுங்க, தண்ணி வெய்யுங்க. அது திங்கற வரைக்கும் பக்கத்துல இருங்க.”

“எத்தன நாளைக்கு?”

“கால ஊனற வரைக்கும்.”

*

முதல் நாள் வாகைத் தழை ஒடித்துக்கொண்டு போனார். கருந்தலைச்சி தனிப் பட்டியின் மூலையில் நின்றது. அதன் முன்னே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

“தின்னு.”

அது தின்னவில்லை.

“தின்னுன்னு சொல்றனில்ல!”

மில்லில் முன்னூறு பேர் திரும்பிப் பார்க்கிற குரல் அது. கருந்தலைச்சி இன்னும் மூலைக்குள் ஒடுங்கியது. ஒடுங்கும்போது மறந்து காலை ஊன்றிவிட்டுத் துடித்தது. அதைப் பார்த்ததும் இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டார்.

இரண்டாம் நாள் உட்கார்ந்து பார்த்தார். அது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. தழை வாடிற்று.

மூன்றாம் நாள் அலுத்துப்போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வேலிக்கு வெளியே ஒரு கரிச்சான் குருவி வால் ஆட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரமென்று தெரியாது.

முதுகுக்குப் பின்னால் ‘நறுக்’ என்று ஒரு சத்தம்.

அவர் திரும்பவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

நறுக். நறுக்.

அவ்வளவு நல்ல சத்தத்தை அவர் மில்லில் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதற்கப்புறம் தினமும் போனார். தழையைப் போடுவார். திரும்பி உட்காருவார். தடியை எங்கே வைத்தார் என்பது மறந்துபோயிற்று. மற்ற ஆடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தன. ஒன்று கம்பியிடையே மூக்கை விட்டு அவர் துண்டை மோந்தது. விரட்டவில்லை.

மில்லில் வேலை செய்த காலத்தில் ஒரு நாள்கூட இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்ததில்லை. சும்மா உட்கார்ந்தால் கண்ணுக்கு என்னென்னவோ தெரிய ஆரம்பித்தது. எந்த ஆடு எதனோடு சேர்ந்து படுக்கிறது. எது கடைசியாகத் தண்ணீர் குடிக்கிறது. எது மேட்டில் ஏறுமுன் ஒரு நொடி தயங்குகிறது.

ஏழாம் நாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது, அவர் மனைவி பூவாத்தாள் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு தூரத்தில் வந்துகொண்டிருந்தாள்.

வலது காலை வைக்கும்போதெல்லாம் குடம் ஒரு வாய் சிந்திற்று. இடது காலுக்குச் சிந்தவில்லை.

வலதுக்குச் சிந்திற்று. இடதுக்கு இல்லை.

அவர் எழுந்து எதிரே போனார். அவரைக் கண்டதும் பூவாத்தாளின் நடை நேராகிவிட்டது. குடம் சிந்துவது நின்றது.

செங்கோடன் அப்படியே நின்றார்.

“வலது காலுக்கு என்ன புள்ள?”

“ஒண்ணுமில்லீங்களே.”

“குடத்தக் குடு. உக்காரு.”

“தண்ணி ஊத்தோணுமுங்க ஆட்டுக்கு.”

“நான் ஊத்திக்கறேன். உக்காரு.”

அவர் சத்தம் போடவில்லை. அதனாலேயே அவள் பயந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் எதிரே குந்தி, அவள் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பாதத்தை அவர் பார்த்ததில்லை. உள்ளங்காலில் புளியங்கொட்டை அகலத்துக்கு ஒரு கால் ஆணி. அதைச் சுற்றிச் சிவந்திருந்தது.

“எப்பத்துல இருந்து?”

“இருக்குமுங்க, ஒரு ரெண்டு வருஷம்.”

அவர் தொட்டார். அவள் பல்லைக் கடித்தாள்.

“வலிக்குதா?”

பூவாத்தாள் அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏனுங்க, ஆட்டுக்கெல்லாம் பாத்து முடிச்சாச்சுங்களா?”

அவரும் சிரித்தார். சிரிக்கும்போது கண் ஏன் நிறைந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள்.

*

பன்னிரண்டாம் நாள் கருந்தலைச்சி காலை ஊன்றிற்று. ஊன்றிப் பார்த்துவிட்டு எடுத்தது. மறுபடி ஊன்றிற்று. அப்புறம் தழை இருந்த இடத்துக்கு நாலு எட்டு நடந்தது.

தை பிறந்து ஐந்தாம் நாள் இரண்டு குட்டி போட்டது. இரண்டும் எழுந்து மடியைத் தேடின. பூவாத்தாள் செருப்புப் போட்ட காலோடு ஓடிவந்து பார்த்தாள்.

பதினொன்றும் தேறிவிட்டன. வியாபாரி வந்தான். மோர் குடித்துவிட்டு வெறுங்கையோடு போனான். பட்டியில் குட்டிகளின் சத்தம் நிறைந்தது. இனி மந்தையில் ஒரு நொண்டி இருக்காது என்று செங்கோடன் நம்பினார். அந்த நம்பிக்கையில் ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினார்.

மந்தையில் மிரண்டு ஓடுவதற்கென்றே ஓர் ஆடு உண்டு. பூவாத்தாள் அதற்கு வெருளி என்று பேர் வைத்திருந்தாள். ஆள் நிழல் விழுந்தாலே வேலியைத் தாண்டுகிற ஜாதி. அதை யாரும் தொட்டதில்லை.

மாசியில் ஒரு காலை. செங்கோடன் படலைத் திறந்து உள்ளே போனார். ஆடுகள் படுத்தது படுத்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தன. வெருளி மட்டும் எழுந்தது.

ஓடப் போகிறது என்று நினைத்தார்.

அது அவரைப் பார்த்து நடந்து வந்தது. நொண்டி நொண்டி. நல்ல வெளிச்சத்தில், அவர் கண்ணெதிரே, தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி. பக்கத்தில் வந்து பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அதற்குப் பின்னால் இன்னொன்று எழுந்தது. அதுவும் நொண்டிற்று. மூலையில் மூன்றாவது ஒன்று.

அழுகல் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தார் செங்கோடன். படலைச் சாத்தாமல்கூட ஓடினார். ஓடைக்கரையில் போய்த்தான் நின்றார். அக்கரையில் மயிலாத்தாள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மணி, எல்லாம் வீணாப் போச்சு!”

“என்னங்க மேஸ்திரி?”

“முன்ன நான் உள்ள போனா நோவுள்ளதுகூட ஒழுங்கா நடக்கும். ஒளிஞ்சு நின்னு பாத்தாத்தான் நொண்டறது தெரியும். இப்ப நான் எதிர்ல நிக்கறேன், மூணு ஆடு என்ற முன்னாலயே நொண்டுது. அந்த வெருளி இருக்குதே, வேற யாரையும் அண்ட விடாதது, அது நொண்டிக்கிட்டே வந்து என்ற மூஞ்சிக்கு நேரா காலத் தூக்கிக் காட்டுது. நான் எங்க தப்புப் பண்ணுனேன்?”

மயிலாத்தாள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“உங்ககிட்டத்தானுங்களே சொல்லுது,” என்றாள். “எங்கிட்ட எதுக்கு ஓடி வந்தீங்க?”